ஆரம்பநிலை ஆசனவாய்ப் புற்றுநோய்: கத்தியா, கதிரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பயாப்ஸி அறிக்கை கைக்கு வந்த நாளிலிருந்து சிகிச்சை தொடங்கும் நாள்வரை நோயாளிகளும் வீட்டாரும் பெரும்பாலும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். நிணநீர்க் கணுக்களுக்கோ வேறு உறுப்புகளுக்கோ பரவாத, 5 செ.மீ.க்கு மேற்படாத ஸ்குவாமஸ் செல் வகைப் புற்றுநோயைப் பற்றியது இந்தப் பக்கம். வரிசையாகப் படியுங்கள்; பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை ஒட்டியே போகின்றன.

ஆசனவாய்ப் புற்றுநோயும் மலக்குடல் புற்றுநோயும் ஒண்ணுதானே?

இல்லை. இடம் பக்கத்து இடம், நோய் வேறு. மலக்குடல் முடிந்து வெளித்தோல் தொடங்குவதற்கு நடுவே சுமார் 3 முதல் 4 செ.மீ. நீளத்துக்கு இருப்பதுதான் ஆசனவாய்க் குழாய். அதன் கீழ்ப்பகுதியின் உட்பூச்சு குடலைப் போன்றதல்ல, தோலைப் போன்றது. அங்கே வரும் புற்றுநோய் பெரும்பாலும் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. 10 பேரில் ஏறத்தாழ 9 பேருக்கு அதன் பின்னணியில் ஹெச்பிவி வைரஸ், அதிலும் முக்கியமாக 16ஆம் வகை இருக்கும். மலக்குடலில் வருவது பெரும்பாலும் அடினோகார்சினோமா, அதாவது சுரப்பிச் செல்களில் தொடங்கும் புற்று.

இந்த வேறுபாடு பெயரோடு நிற்பதில்லை, சிகிச்சையையே மாற்றிவிடுகிறது. ஸ்குவாமஸ் செல் கதிர்வீச்சுக்கு நன்றாகக் கரையும். ஆசனவாயிலேயே அடினோகார்சினோமா வந்தால் அதை மலக்குடல் புற்றுநோயைப் போல நடத்துவார்கள்; அங்கே பொதுவாக அறுவை சிகிச்சை உண்டு. மெலனோமா, அதாவது நிறமிச் செல்களில் வரும் புற்று என்றால் அது முற்றிலும் வேறு பாதை. ஆகவே அறிக்கையில் செல் வகை என்ன என்று எழுதியிருக்கிறதோ அதை முதலில் பாருங்கள். கீழே வரும் எதுவும் மற்ற வகைகளுக்குப் பொருந்தாது.

மூலம்னு நினைச்சு ஆறு மாசம் களிம்பு போட்டுட்டு இருந்தேன். லேட் பண்ணிட்டேனா?

இரத்தம், அரிப்பு, வலி, ஏதோ முட்டிக்கொண்டு நிற்பது போன்ற உணர்வு என மூலத்துக்கும் இதற்கும் அறிகுறிகள் ஒன்றாகவே இருப்பதால் இப்படி நடப்பது வெகு சகஜம். உங்கள்மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். எத்தனை மாதம் ஆனது என்பதை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்வதில்லை. இன்று கட்டி எவ்வளவு பெரிது, கணுக்களுக்குப் போயிருக்கிறதா என்பதுதான் கணக்கு.

ஆரம்பநிலைன்னா எந்த அளவு வரைக்கும்?

2 செ.மீ. வரை டி1. அதற்கு மேல் 5 செ.மீ. வரை டி2. கணு எதிலும் இல்லை என்றால் என்0. டி1, என்0 என்பது முதல் நிலை. டி2, என்0 என்பது இரண்டாம் நிலையின் முதல் பகுதி. இந்த இரண்டையும்தான் இங்கே ஆரம்பநிலை என்கிறோம்.

இதை உறுதிசெய்ய மருத்துவர் விரலால் சோதிப்பார், ஆசனவாயினுள் சிறு குழாயை விட்டுப் பார்ப்பார், இரண்டு தொடையிடுக்குகளையும் தடவிப் பார்ப்பார். இடுப்புக்கு எம்ஆர்ஐ, மார்புக்கும் வயிற்றுக்கும் சிடி, பல இடங்களில் பெட் சிடியும் எடுப்பார்கள். தொடையிடுக்கில் கணு வீங்கியிருந்தால் ஊசி போட்டுச் செல் எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் புண்ணில் ஏற்பட்ட கிருமித் தொற்றாலும் அங்கே நெறி கட்டும். ஹெச்ஐவி சோதனையும், பெண்களுக்குக் கருப்பைவாய்ச் சோதனையும் இந்தப் பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டும். இரண்டு இடத்திலும் வேலை செய்வது அதே ஹெச்பிவிதான்.

சின்னக் கட்டிதானே, அப்படியே வெட்டி எடுத்துட்டா வேலை முடிஞ்சுதே?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது, கேட்க வேண்டிய கேள்வியும்கூட. உடம்பின் வேறு இடத்தில் கட்டி என்றால் சுற்றியுள்ள நல்ல திசுவையும் கொஞ்சம் சேர்த்து எடுத்துவிடுவார்கள். அந்தக் கொஞ்சம் போவதால் பெரிய நஷ்டமில்லை. ஆசனவாய்க் குழாயில் அந்தக் ‘கொஞ்சம்’தான் சுருக்குத் தசை. உட்பூச்சுக்கு நேர் கீழே உள்சுருக்குத் தசை இருக்கிறது. அதன் தடிமனே சில மில்லிமீட்டர்தான். நாம் தூங்கும்போதும் மலமும் காற்றும் கசியாமல் பிடித்துவைப்பது அதுதான். அதைச் சுற்றி, நாமே நினைத்து இறுக்கும் வெளிச்சுருக்குத் தசை. குழாயில் உள்ள ஒன்றரை செ.மீ. கட்டியைச் சுற்றிலும் அடியிலும் நல்ல திசுவோடு எடுக்கப் போனால் இந்தத் தசைகளில் ஒரு துண்டும் கூடவே வந்துவிடும். கட்டி போகும், ஆனால் அடக்கும் சக்தியும் போகும்.

தசையைக் காப்பாற்றவேண்டும் என்று ஒட்டினாற்போல வெட்டினால் வேறு சிக்கல். விளிம்பில் புற்றுச் செல்கள் தங்கிவிடும். அப்போது கதிர்வீச்சு எப்படியும் தேவைப்படும், அதுவும் புதிதாக அறுத்துத் தழும்பேறிய இடத்தில். இன்னொன்று, வெட்டி எடுப்பது கட்டிக்கு மட்டும்தான் சிகிச்சை. குழாயின் கீழ்ப்பகுதியிலிருந்து நிணநீர் தொடையிடுக்குக்கும், மேல்பகுதியிலிருந்து இடுப்புக்குள்ளும் போகிறது. ஸ்கேனில் தெரியாத அளவில் அங்கே போன செல்களைக் கத்தி தொடுவதே இல்லை. கதிர்வீச்சு இந்த இடங்களையும் சேர்த்தே மூடுகிறது.

எதுவும் தங்காமல் முழுதாக எடுப்பது என்றால் ஆசனவாய், சுருக்குத் தசைகள், மலக்குடல் மூன்றையும் எடுத்து, கீழே தைத்து மூடி, வயிற்றின் இடப்பக்கத்தில் பெருங்குடலை வெளியே திறந்து, மலம் சேர நிரந்தரமாகப் பை வைக்க வேண்டும். 1970கள் வரை இதுதான் வழக்கமான சிகிச்சை. 2 செ.மீ. கட்டிக்கும் இதேதான் நடந்தது.

ஆபரேஷனே இல்லாம புற்றுநோய் குணமாகும்னு எப்படி நம்புறது?

இது 1974லிருந்து பார்த்துவரும் உண்மை. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் நார்மன் நைக்ரோ என்ற அறுவை மருத்துவர், முன்பு சொன்ன பெரிய ஆபரேஷனுக்கு முன் கட்டியைச் சுருக்கலாம் என்று குறைந்த அளவு கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்துக் கொடுத்தார். அவர் வெளியிட்ட முதல் குறிப்பில் 3 நோயாளிகள். அவர்களில் 2 பேருக்கு ஆபரேஷன் செய்து எடுத்த பகுதியைச் சோதித்தபோது அதில் கட்டியே இல்லை. 3ஆம் நபர் ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார். அவருக்கும் நோய் திரும்பவில்லை. சுருக்க நினைத்துக் கொடுத்த மருந்தே நோயைத் தீர்த்துவிட்டது.

பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில் இது உறுதியானது. 940 பேரைச் சேர்த்து பிரிட்டனில் நடந்த ஆக்ட் 2 ஆய்வின் முடிவு 2013ல் வெளிவந்தது. அதில் கதிர்வீச்சும் கீமோவும் சேர்த்து எடுத்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு, சிகிச்சை தொடங்கி 26ஆம் வாரத்தில் கட்டி முழுதாக மறைந்திருந்தது. அந்த ஆய்வில் பெரிய கட்டி உள்ளவர்களும் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

ரேடியேஷன் மட்டும் போதாதா? கீமோ எதுக்கு?

கதிர்வீச்சு மட்டும் ஒரு பக்கம், கீமோவும் சேர்த்து மறுபக்கம் என்று வைத்து 1996ல் வெளிவந்த ஆக்ட் 1 ஆய்வில் 585 பேர் இருந்தார்கள். கதிர்வீச்சு மட்டும் எடுத்தவர்களில் 59 சதவீதம் பேருக்கு அந்த இடத்திலேயே சிகிச்சை தோற்றது. கீமோ சேர்த்தவர்களில் அது 36 சதவீதம். கீமோ இங்கே கதிர்வீச்சின் கூர்மையைக் கூட்டுகிறது, அதற்காகத்தான் கொடுப்பது. மிகச் சிறிய கட்டியோடு, கீமோ தாங்காத உடல்நிலையில் இருப்பவர்களுக்குக் கதிர்வீச்சை மட்டும் கொடுப்பதுண்டு. அது விதிவிலக்கு.

மருந்துகள் இரண்டு. மைட்டோமைசின் முதல் நாள் ஊசியாக ஏறும். வழக்கமான ஒரு முறையில் உடல் பரப்பின் சதுர மீட்டருக்கு 12 மி.கி., அதிகபட்சம் 20 மி.கி. இரண்டாவது ஃபுளுரோயுராசில். இது முதல் வாரமும் ஐந்தாவது வாரமும் 4 நாள் இடைவிடாமல் பம்ப் வழியாக ஏறும். அதற்குப் பதிலாகக் கதிர்வீச்சு நாள்களில் மட்டும் காலையும் மாலையும் கேப்சிடபின் மாத்திரை கொடுப்பதும் உண்டு. மைட்டோமைசின் இரத்த அணுக்களைக் குறைப்பதால் அதை விட்டுவிடலாமா என்று பலர் கேட்கிறார்கள். இதே 1996ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு அதைத்தான் பார்த்தது. மைட்டோமைசின் சேர்ந்தவர்களில் 9 சதவீதம் பேருக்கும், சேராதவர்களில் 22 சதவீதம் பேருக்கும் கடைசியில் வயிற்றில் பை வைக்க நேர்ந்தது. சிறுநீரகமும் இரத்த அணுக்களும் இடம் கொடுக்கிறவரை அந்த மருந்தை விடாதீர்கள் என்பதே எங்கள் கருத்து.

கீமோ தொடங்கும் முன் டிபிடி நொதிக்கான மரபணுச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். அந்த நொதி குறைவாக உள்ளவர்களின் உடம்பு ஃபுளுரோயுராசிலையும் கேப்சிடபினையும் சிதைத்து வெளியேற்றாது. சாதாரண அளவே அவர்களுக்கு விஷ அளவாகி உயிருக்கு ஆபத்தாகலாம். ஒரே ஒரு இரத்தச் சோதனைதான்.

அப்போ ஆபரேஷன் யாருக்குத்தான்?

முதல் சிகிச்சையாகக் கத்தி பொதுவாகப் பொருந்துவது இரண்டு இடங்களில். ஒன்று, கட்டி குழாயில் இல்லாமல் ஆசனவாய் விளிம்புக்கு வெளியே தோலில் இருந்து, அளவு 2 செ.மீ.க்கு மேற்படாமல், தசையைத் தொடாமல், செல்கள் நன்கு முதிர்ந்த, அதாவது நல்ல செல்லைப் போலவே தோன்றும் வகையாக இருந்தால். இதைப் பார்க்க எளிய வழி உண்டு: பக்கவாட்டில் படுக்கவைத்துப் பின்புறத்தை இரண்டு கையாலும் மெதுவாக விலக்கினால் கட்டி முழுதும், உள்விளிம்பு உட்பட, கண்ணுக்குத் தெரிய வேண்டும். விலக்கிய பிறகும் ஒரு பகுதி உள்ளே மறைந்தால் அதைக் குழாய்க் கட்டியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன்பு சொன்ன சிகிச்சைதான். தோலில் மட்டும் இருக்கும் கட்டியைச் சுற்றி நல்ல தோலோடு எடுத்துத் தைத்துவிடலாம். தோலில் தாராளமாக இடம் இருக்கிறது, தசைக்கு ஆபத்தில்லை.

இரண்டாவது, மேலோட்டமாக மட்டும் ஊடுருவிய புற்று. இதற்கு அளவு துல்லியமானது: ஆழம் 3 மி.மீ.க்கு மிகாமல், அகலவாட்டில் 7 மி.மீ.க்கு மிகாமல், முழுதாக வெட்டி எடுக்கப்பட்டும் இருக்க வேண்டும். மூன்றும் பொருந்தினால் குழாயில் இருந்தாலும் வெட்டி எடுத்ததோடு நிறுத்திக் கண்காணிக்கலாம். இந்த மூன்றும் பயாப்ஸியில் அல்ல, முழுக் கட்டியையும் எடுத்த பிறகே தெரியும். ஆகவே ‘பயாப்ஸியில் 2 மி.மீ.தான்’ என்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. எடுத்தது ஒரு கிள்ளு மட்டுமே.

மூலத்துக்கு ஆபரேஷன் பண்ணாங்க. எடுத்த சதையில கேன்சர்னு ரிப்போர்ட் வந்திருக்கு. இன்னும் சிகிச்சை வேணுமா?

பலருக்கு நோய் இப்படித்தான் வெளிவருகிறது. அதனால்தான் மூலம், தோல் தொங்கல், மரு என்று எதை எடுத்தாலும் நோய்க்கூறியல் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்கிறோம். இப்போது உங்களுக்குத் தேவை, அந்த அறிக்கையில் சில எண்கள்: ஊடுருவிய ஆழம், அகலம், வெட்டிய விளிம்புக்கும் புற்றுக்கும் உள்ள தூரம். இந்த மூன்றில் ஒன்று விட்டுப்போயிருந்தாலும், எடுத்த சதையின் மெல்லிய சீவல்கள் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளை இந்த நோயைப் பார்த்துப் பழகிய நோய்க்கூறியல் மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள்.

முன் பதிலில் சொன்ன 3 மி.மீ., 7 மி.மீ. அளவுக்குள் இருந்து விளிம்பும் சுத்தமாக இருந்தால் கண்காணிப்பு போதும். வெளித்தோலில் இருந்து விளிம்பில் நோய் தங்கியிருந்தால், தசைக்குச் சேதமில்லாமல் இன்னும் கொஞ்சம் எடுக்க முடியுமா என்று பார்க்கலாம். முடியாது என்றால் கதிர்வீச்சும் கீமோவும். குழாயினுள் இருந்து, இந்த அளவுகளைத் தாண்டியிருந்தால், கண்ணுக்கு இனிக் கட்டி தெரியாவிட்டாலும் சிகிச்சை வேண்டும்.

அறிக்கை ‘துண்டு துண்டாகப் பெறப்பட்டது’ என்று சொன்னால் விளிம்பை யாராலும் நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. இடம் தெரியாமல் விளிம்பு எப்படித் தெரியும்? அந்த நிலையில் பாதுகாப்பான பக்கமே சாய வேண்டும்.

வெட்டினாலும் ரேடியேஷன் கொடுத்தாலும் ஆயுள் ஒண்ணுதான்னு ஒரு ஆய்வுல படிச்சேன். அப்புறம் ஏன் ரேடியேஷன்?

அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்த் தரவுத்தளத்தை வைத்து 2018ல் வெளியான ஆய்வாக இருக்கலாம். டி1 நோயாளிகளில் கட்டியை மட்டும் வெட்டியவர்களும் கதிர்வீச்சோடு கீமோ எடுத்தவர்களும் 5 ஆண்டு முடிவில் ஏறத்தாழ ஒரே அளவில் உயிரோடு இருந்தார்கள். எண் சரிதான். ஆனால் யாருக்கு வெட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை; மேலோட்டமான, எளிதில் எடுக்கக்கூடிய கட்டிகள்தான் கத்திக்குப் போயிருக்கும். அந்தப் பதிவேட்டில் நோய் அதே இடத்தில் திரும்பியதா, அடக்கும் சக்தி எப்படி இருக்கிறது என்ற விவரங்களும் கிடையாது. சரியாகத் தேர்ந்தெடுத்தால் வெட்டுவது போதும் என்பதற்கு அது ஆதாரம். எல்லா டி1 கட்டியையும் வெட்டலாம் என்பதற்கு அல்ல.

சிகிச்சை எத்தனை நாள்? என்னென்ன பண்ணுவாங்க?

வழக்கமான அளவு 50.4 கிரே (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). ஒரு நாளைக்கு 1.8 கிரே வீதம் 28 முறை. வாரத்துக்கு 5 நாள் என்றால் ஐந்தரை வாரத்துக்கு மேல் ஆகும். கணு இருக்கக்கூடிய இடங்களுக்கு அதைவிடக் குறைந்த அளவு.

தொடங்கும் முன் ஒரு நாள் திட்டமிடும் சிடி எடுப்பார்கள். தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு படுக்க வேண்டும்; நிறைந்த பை சிறுகுடலைக் கதிரின் பாதையிலிருந்து மேலே தள்ளும். ஆசனவாய் விளிம்பில் ஸ்கேனில் தெரியும்படி ஒரு சிறு அடையாளம் வைப்பார்கள். தோலில் புள்ளி அளவு பச்சை குத்துவார்கள். ஒவ்வொரு நாளும் அதே அளவு சிறுநீரோடு, அதே நிலையில் படுக்க வேண்டும் என்பதால், எத்தனை டம்ளர், எத்தனை நிமிடம் முன்பு என்று முதல் நாளே குறித்துக்கொள்ளுங்கள். கேட்கும்போது ஐஎம்ஆர்டி முறையில் கொடுப்பார்களா என்றும் கேளுங்கள். கதிரின் வடிவத்தை வளைத்து, குடல், சிறுநீர்ப்பை, பிறப்புறுப்பு ஆகியவற்றுக்குப் போகும் அளவைக் குறைப்பது அது.

தோல் வெந்துபோச்சு. ஒரு வாரம் நிறுத்திட்டு அப்புறம் தொடரலாமா?

முடிந்தவரை வேண்டாம். இடைவெளி விட்டால் மிஞ்சிய புற்றுச் செல்கள் வேகமாகப் பெருகிவிடும். முதலில் பெற்ற பலன் கரைந்துபோகும். இயந்திரம் பழுதாகியோ விடுமுறையாலோ ஒரு நாள் விட்டுப்போனால், குறைந்தது 6 மணி நேர இடைவெளியில் ஒரே நாளில் இரண்டு முறை கொடுத்து ஈடுகட்டுவார்கள். நாள் தவறினால் அதை எப்படிச் சரிசெய்வீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

தோல் ஏன் அவ்வளவு வேகிறது என்று தெரிந்தால் சமாளிப்பதும் எளிது. தொடையிடுக்கிலும் பின்புற மடிப்பிலும் தோலும் தோலும் ஒட்டிக் கிடக்கின்றன. ஒட்டியிருக்கும் இடத்தில் மேல்தோலுக்கு அதிகக் கதிர் விழும். கூடவே வியர்வையும் உரசலும். 3ஆம் வாரத்தில் சிவக்கும், 4, 5ஆம் வாரத்தில் அந்த மடிப்புகளில் ஈரமாக உரியும், முடிந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் அப்படியே நின்று பிறகுதான் ஆறும். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் 10 நிமிடம், நாளைக்கு 3, 4 முறை உட்காருங்கள். துடைக்காமல் ஒற்றி எடுங்கள். வாசனைச் சோப்பு, பவுடர் இரண்டும் கூடாது. சிறுநீர் எரிந்தால் கழிக்கும்போதே மேலே தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். களிம்பு தடவியிருந்தால் கதிர்வீச்சுக்கு முன் கழுவிவிட வேண்டும். தடிமனாகப் பூசிய களிம்பும் ஒட்டிய தோலைப் போலவே கதிரைக் கூட்டும்.

வலிக்கு மார்ஃபின் வகை மாத்திரை வரை தேவைப்படலாம். வாங்கிச் சாப்பிடுங்கள், அதில் தவறில்லை. வலியை அடக்காமல் நாளைத் தவறவிடுவதுதான் தவறு. பேதிக்கு லோப்பரமைடும், நார்ச்சத்தைக் குறைத்த சாப்பாடும். கேப்சிடபின் எடுப்பவருக்குப் பேதி முற்றினால் அன்றே மருத்துவரிடம் சொல்லி மாத்திரையை நிறுத்துவதா என்று கேட்க வேண்டும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காலைவரை காத்திருக்காதீர்கள். மைட்டோமைசினால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் அது உயிருக்கு அவசரம். புகைபிடிப்பவர் என்றால் சிகிச்சைக்கு முன்பே நிறுத்துங்கள். தோலும் ஆறாது, பலனும் குறையும்.

சின்னக் கட்டிக்கும் அதே டோஸா? குறைக்க முடியாதா?

இந்தச் சந்தேகம் மருத்துவர்களுக்கும் உண்டு. பிரிட்டனின் ஆக்ட் 4 ஆய்வு, 4 செ.மீ. வரையிலான, கணு இல்லாத கட்டிகளுக்கு 50.4 கிரேயையும் 23 முறையில் கொடுக்கும் 41.4 கிரேயையும் ஒப்பிடுகிறது. அதோடு ஒரே திட்டத்தில் நடந்த ஆக்ட் 3, வெளித்தோல் கட்டியை வெட்டியபின் விளிம்பு 1 மி.மீ.க்கு மேல் சுத்தமாக இருந்தால் கண்காணிப்பு மட்டும், அதற்குக் குறைவானால் குறைந்த அளவு கதிர்வீச்சும் கீமோவும் என்று வகுத்தது. அமெரிக்காவிலும் அளவைக் குறைக்கும் ஆய்வு நடக்கிறது. உங்கள் மருத்துவர் குறைந்த அளவைச் சொன்னால் எந்த ஆய்வை வைத்து, உங்கள் கட்டி அதன் வரம்புக்குள் வருகிறதா என்று கேளுங்கள். பக்கவிளைவுக்குப் பயந்து நடுவில் நிறுத்துவது ‘குறைந்த டோஸ்’ ஆகாது.

முடிஞ்சு 8 வாரம் ஆச்சு. இன்னும் கட்டி தட்டுப்படுது. பயாப்ஸி எடுத்துடலாமா?

அவசரப்படாதீர்கள். எங்கள் பார்வையில் அதிகம் தவறு நடப்பது இந்தக் கட்டத்தில்தான். இந்தக் கட்டி மெதுவாகக் கரையும். மேலே சொன்ன ஆக்ட் 2 ஆய்வில், சிகிச்சை தொடங்கி 11ஆம் வாரத்தில் முழுதாக மறையாதவர்களில் 72 சதவீதம் பேருக்கு 26ஆம் வாரத்துக்குள் மறைந்துவிட்டது. 11ஆம் வாரத்திலேயே ஆபரேஷன் செய்திருந்தால் அவர்களெல்லாம் தேவையில்லாமல் ஆசனவாயை இழந்திருப்பார்கள்.

கதிர் பட்ட திசுவில் கிள்ளி எடுத்த இடம் லேசில் ஆறாது; மாதக்கணக்கில் புண்ணாக நிற்கும். அதனால் கட்டி சுருங்கிக்கொண்டே வரும்வரை விரலாலும் கண்ணாலும் எம்ஆர்ஐயாலும் பார்த்துக்கொண்டு காத்திருப்பதே முறை. முன்பு பார்த்ததைவிட வளர்ந்தால், அல்லது புதிதாக ஏதாவது தோன்றினால், 26 வாரம் வரை காத்திருக்காமல் பயாப்ஸி எடுக்க வேண்டும். இதைச் சொல்ல முடிவது முன்பு விரலால் பார்த்த அதே மருத்துவர் மறுபடி பார்க்கும்போதுதான். ஒவ்வொரு முறையும் வேறொருவர் பார்த்தால் ‘சுருங்கியதா’ என்ற கேள்விக்கே விடை கிடைக்காது.

ஆசனவாய் தப்பிச்சுடும், சரி. முன்ன மாதிரி வேலை செய்யுமா?

பெரும்பாலானவர்களுக்குப் பை இல்லாமல் வாழ முடிகிறது. ஆனால் முன்பு போலவே என்று வாக்குக் கொடுக்க முடியாது. வந்தால் உடனே போகவேண்டும் என்ற அவசரம், அடிக்கடி போவது, சில சமயம் கசிவு என்பவை தங்கலாம். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி பலருக்கு உதவும். இடுப்பெலும்பு வலுவிழப்பதால் வயதான பெண்களுக்கு விரிசல் விடலாம். புதிதாக இடுப்பு வலி வந்தால் புற்றுதான் திரும்பிவிட்டது என்று பயப்படும் முன் இதையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

குழந்தை, தாம்பத்தியம் பத்தி யாரும் எதுவும் சொல்லலை.

பல இடங்களில் சொல்லாமல் விடுகிறார்கள், வருத்தத்துக்குரியது. கதிர்வீச்சு தொடங்கிய பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு இடுப்புக் கதிர்வீச்சால் சினைப்பை செயலிழந்து மாதவிலக்கு நின்றுவிடும். கருப்பையும் கதிர் வாங்குவதால் கரு தங்குவது கடினம். கருமுட்டையை உறையவைப்பது, சினைப்பையைக் கதிர்ப் பாதையிலிருந்து மேலே நகர்த்தித் தைப்பது ஆகிய இரண்டையும் தொடங்கும் முன்பே பேச வேண்டும். ஆண்கள் விந்துவைச் சேமித்துவைக்கலாம். ஆண்களுக்கு விறைப்புக் குறையவும் கூடும். அதற்கு மாத்திரை உண்டு.

பெண்ணுறுப்பு உட்சுவர்கள் ஒட்டிக் குறுகிப்போவதைத் தடுக்க, புண் ஆறிய சில வாரங்களில் டைலேட்டர் என்ற வழவழப்பான குழாயை வாரத்துக்கு 2, 3 முறை, சில நிமிடம் பயன்படுத்தச் சொல்வார்கள். தாம்பத்தியம் வேண்டாம் என்பவருக்கும் இது தேவை. பின்னாளில் கருப்பைவாய்ச் சோதனை செய்ய இடம் வேண்டுமே.

ஹெச்ஐவி இருக்கு. எனக்கு வேற சிகிச்சையா?

அதே சிகிச்சைதான். மருந்தால் வைரஸ் கட்டுப்பட்டு, சிடி4 என்ற நோயெதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை நன்றாக இருந்தால் அளவைக் குறைக்கத் தேவையில்லை. எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் இரத்த அணுக்களை அடிக்கடி பார்த்து மைட்டோமைசின் அளவை மாற்றுவார்கள். ஹெச்ஐவி மாத்திரையை நடுவில் நிறுத்தவே கூடாது. இன்னொரு செய்தி: புற்றாக மாறும் முன்னுள்ள உயர்நிலைச் செல் மாற்றங்களைக் கண்டுபிடித்து எடுத்துவிட்டால் ஆசனவாய்ப் புற்று 57 சதவீதம் குறைகிறது என்று, ஹெச்ஐவி உள்ள 35 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆங்கர் ஆய்வு 2022ல் காட்டியது.

முன்னாடி கருப்பைவாய்ப் புற்றுக்கு இடுப்புல ரேடியேஷன் எடுத்திருக்கேன். இப்போ என்ன வழி?

இங்கே கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஏற்கெனவே முழு அளவு வாங்கிய குடலும் சிறுநீர்ப்பையும் இன்னொரு முழு அளவைத் தாங்காது. பழைய சிகிச்சையின் அளவு, பரப்பு, தேதி அடங்கிய கோப்பைத் தேடி எடுத்துவாருங்கள்; ஆசனவாய் அந்தப் பரப்புக்கு வெளியே இருந்திருந்தால் கதிர்வீச்சுக்கு இன்னும் இடம் உண்டு. இல்லையென்றால் ஆரம்பநிலையிலும் அறுவை சிகிச்சையே முதல் வழியாகலாம். கட்டியால் சுருக்குத் தசை ஏற்கெனவே அழிந்து, மலம் அடக்க முடியாத நிலையில் இருப்பவருக்கும் இதே யோசனை வரும், ஏனென்றால் காப்பாற்ற அங்கே தசை மிச்சமில்லை.

எல்லாம் முடிஞ்சு திரும்ப வந்தா?

அதற்குத்தான் கத்தியைக் கையில் மிச்சம் வைத்திருக்கிறோம். திரும்ப வருபவர்களில் பெரும்பாலோருக்கு முதல் 3 ஆண்டுக்குள் வந்துவிடும். அதனால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை விரல் சோதனையும் தொடையிடுக்குச் சோதனையும் 5 ஆண்டுவரை வேண்டும். அதே இடத்தில் மட்டும் திரும்பினால், அல்லது 26 வாரம் கழித்தும் பயாப்ஸியில் புற்று இருந்தால், முன்பு சொன்ன பெரிய ஆபரேஷனைச் செய்வார்கள். அதன்பின் 5 ஆண்டு உயிரோடு இருப்பவர்கள், வெளிவந்த பதிவுகளின்படி, 3ல் ஒருவர் முதல் 5ல் 3 பேர் வரை. விளிம்பு சுத்தமாக வந்ததா என்பதே அதில் பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்துகிறது. தொடையிடுக்கில் மட்டும் வந்தால் அங்கே கணுக்களை எடுத்தால் போதும்.

கதிர் பட்ட இடத்தில் தைத்தது லேசில் ஒட்டாது என்பதால், வயிற்றுத் தசையையோ தொடைத் தசையையோ இரத்த ஓட்டத்தோடு திருப்பிக் கொண்டுவந்து அந்தக் குழியை நிரப்புவார்கள். பிளாஸ்டிக் சர்ஜன் கூடவே இருக்கும் மையத்தில் செய்துகொள்ளுங்கள். பை வைக்கும் இடத்தை ஆபரேஷன் மேசையில் அல்ல, அதற்கு முன்பே ஸ்டோமா செவிலியர், அதாவது பை பராமரிப்பில் பயிற்சி பெற்றவர், குறிக்க வேண்டும்: உட்கார்ந்து, நின்று, குனிந்து காட்டுங்கள். வயிற்று மடிப்பிலோ உடை இறுக்கும் இடத்திலோ விழாமல், உங்கள் கண்ணுக்கே தெரிகிற இடமாக அவர் பேனாவால் புள்ளி வைக்கட்டும்.